நரம்பின் மேலுறையும் தேவசித்தமும்

மனிதனுக்கு வரும் வியாதிகளிலெல்லாம் புரோகிதனுக்கும், பாதிரிக்கும், மந்திரவாதிக்கும் அதிகமாகச் சோறு போட்டு வந்தது நரம்பு வியாதியே ஆகும். காலில் முள் தைத்தால் முள்ளைக் கண்ணால் பார்க்கலாம். சொறி பிடித்தால் தோலில் தெரியும். ஆனால், நேற்று வரை ஏரோட்டி வந்தவனுக்கு இன்று காலையில் ஒரு கால் மரத்துப்போய், ஒரு கண் மங்கி, பேச்சுக் குழறினால், அவன் உடம்பில் வெளிக்குக் காணக் கூடிய காயம் ஒன்றுமில்லை. காயம் தெரியாத இடத்தில் கடவுளையோ பிசாசையோ கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவதே மதக்காரர்களின் வழக்கமான வேலையாய் இருந்துவருகிறது. இங்கே அதற்குத் தலைவிதி என்றும், பூர்வஜன்ம பாவம் என்றும் பெயர். ஐரோப்பாவிலே தேவசித்தம் என்று பெயர். பெயர்தான் வேறே தவிர, உண்டியல் ஒன்றுதான்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஹாலந்து தேசத்தில் ஸ்கீடாம் என்னும் ஊரில் 1380ஆம் வருஷத்தில் லிட்வினா என்று ஒரு பெண் பிறந்தாள். சுமார் 15ஆவது வயதில் உறைந்த பனியின் மேல் சறுக்கி விளையாடும்போது விழுந்து ஒரு விலா எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் சரியாகவே எழுந்து நடமாடவில்லை. கால்கள் விழுந்தன, வலது கை விழுந்தது, பார்வை கெட்டது, வலி தாங்க முடியவில்லை. 1433இல் சாகும் வரையில், ஏறக்குறைய 38 வருஷகாலம் படுக்கையாகவே கிடந்தாள். இப்போது அந்தக் காலத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்க்கும் வைத்தியர்கள் சிலர், அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு வியாதியாய் இருக்கலாமென்று அபிப்பிராயப்படுகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அக்காலத்து மதம் செய்த உதவி என்ன தெரியுமா? "இந்தக் கஷ்டம் ஆண்டவன் உனக்கென்று அனுப்பிய வரம்; சிலுவையில் அவர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு இதைச் சந்தோஷமாக அனுபவி" என்பதாகப் பாதிரியார் உபதேசம் செய்தார். அவள் அன்ன ஆகாரமில்லாமலே உயிர் வாழ்கிறாள் என்று ஊர் அதிகாரிகள் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அவள் உடம்பிலிருந்து தோலும் எலும்பும் கழன்று விழுந்ததாகவும், அவற்றிலிருந்து நறுமணம் வீசினதாகவும் எழுதி வைத்தார்கள். கடைசியில் 1890இல் ரோமாபுரிப் போப்பு அவளைப் புனிதவதி என்று ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு அவள்தான் காவல் தேவதையாம்! பனியில் விழுந்து விலா முறிந்த பெண்ணையே பனியில் விழாமல் காப்பாற்றும் தேவதையாக்கிய புத்திசாலித்தனத்தை என்னென்று சொல்லுவது? 38 வருஷம் ஒரு ஏழைப் பெண் துடித்ததிலிருந்து மதத்துக்கு ஒரு புனிதவதி கிடைத்தாள். ஊருக்கு ஒரு யாத்திரை ஸ்தலம் கிடைத்தது. அவளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நிற்க. அந்த வியாதி இன்னதென்று இப்போது தெரிந்திருப்பதைப் பார்ப்போம்.

நம் மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் நூல் போன்ற நரம்புகள் புறப்படுகின்றன. மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை போட்டிருப்பதைப் போல, இந்த நரம்பு நூல்களில் பலவற்றின் மேல் கொழுப்பாலான ஒரு உறை சுற்றப்பட்டிருக்கிறது. இதற்கு மைலின் என்று 1854இல் ஜெர்மனி தேசத்து விர்க்கோ என்பவர் பெயர் வைத்தார். நீரை நீக்கி நிறுத்துப் பார்த்தால் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொழுப்பு, பாக்கி புரதம். மூளையிலும் முதுகுத்தண்டிலும் இந்த உறையைச் சுற்றுவதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. ஒரு உயிரணு, பல கைகள் உள்ளது போல, அக்கம் பக்கத்திலுள்ள பல நரம்பு நூல்களுக்கு ஒரே சமயத்தில் உறை போட்டுக்கொண்டிருக்கும். உறைக்கும் உறைக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. செய்தியானது இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவிப் போகிறது. உறையில்லாத நூலில் விநாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று ஊர்ந்து போகும் செய்தி, நல்ல பருமனான உறையுள்ள நூலில் விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேலும் பாய்கிறது. தவிர, இந்த உறை வெறும் மூடி மாத்திரமல்ல. உள்ளேயிருக்கும் நூலுக்கு ஆகாரம் கொடுத்து உயிரோடு வைத்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஆகையால் உறை நெடுநாள் இல்லாமற் போனால் நூலும் செத்துப்போகும். செத்த நூலை மீட்பது மகா கஷ்டம். காலத்தில் உறையைச் சரிசெய்தால் நூலைக் காப்பாற்றலாம். இந்த ஆராய்ச்சியின் அவசரமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நடப்பது என்னவென்றால், கிருமிகளைக் கொல்லுவதற்காக உடம்பு வைத்திருக்கும் காவற்படையே திசைமாறி, சொந்த நரம்பின் உறையைத் தாக்கி அரித்துவிடுகிறது. பாரிசிலே சல்பேத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்க்கோ என்ற டாக்டர், உயிரோடிருக்கையில் நோயாளியிடம் கண்ட குறிகளையும், செத்த பிறகு மூளையை அறுத்துக் கண்ட வடுக்களையும் ஒத்துப் பார்த்து 1868இல் இதைத் தனி வியாதியென்று காட்டினார். இன்று உலகத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த வியாதியோடு இருக்கிறார்கள். "காவற்படை ஏன் திசைமாறிற்று? அதுவாவது கடவுள் செயல்தானே?" என்று கேட்கும் ஆஸ்திகர்களுக்கும் பதில் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் இரத்தக் கணக்கைப் பார்த்து 2022இல் ஹார்வர்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொற்றிக்கொண்டவர்களுக்கு இந்த வியாதி வரும் அபாயம் 32 மடங்கு ஏறுகிறது என்பதே அது. வைரஸ் மாத்திரம் போதாது. அது தொற்றினவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வியாதி வருவதில்லை. ஆனால் தேடவேண்டிய இடம் எதுவென்று தெரிந்துவிட்டது. பூர்வஜன்மத்தில் தேட வேண்டியதில்லை. இரத்தத்தில் தேட வேண்டியதுதான்.

இனி, அரிந்துபோன உறை மறுபடி வளருமா? இந்த விஷயத்தில் நாம் மதக்காரர்களை மாத்திரம் குறை சொல்லிவிட்டுப் போகமாட்டோம். விஞ்ஞானத்திலும் மடாதிபதிகள் ஏற்பட்டுவிடுவதுண்டு. ஸ்பெயின் தேசத்து கஹால் என்பவர் நரம்பு சாஸ்திரத்தின் தந்தை. 1906இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மனிதனின் மூளையில் நரம்புப் பாதைகள் மறுபடி முளைப்பதில்லை என்று அவர் எழுதினார். வருங்கால விஞ்ஞானம் இந்தக் கடினமான தீர்ப்பை மாற்ற முயல வேண்டும் என்பதையும் அவரே சேர்த்து எழுதினார். ஆனால் சிஷ்யகோடிகள் முதல் பாதியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது பாதியை மறந்துவிட்டார்கள். சிஷ்யகோடிகளின் சுபாவம் எங்கும் ஒன்றே போலும்! உறை போடும் அந்த உயிரணுவைக் கண்டுபிடித்தவரும் கஹாலின் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்த ரியோ ஒர்த்தேகா என்பவர்தான். பெரியவருக்கும் இவருக்கும் பிணக்கு முற்றி 1920இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். வெளியே போயும் வேலையை நிறுத்தாமல் 1921இல் தாம் கண்டதை வெளியிட்டார். அவர் சொன்னது உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது. இன்னார் சொன்னார் என்பதால் அல்ல, கண்ணாடி வழியே யார் பார்த்தாலும் தெரிந்தது என்பதால்.

பிறகு 1961இல் அமெரிக்காவில் பஞ்சி என்ற தம்பதிகளும் அவர்களோடு ரிஸ் என்பவரும், வளர்ந்த பூனையின் முதுகுத்தண்டில் உறையை அழித்துவிட்டு, சில காலம் கழித்து எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். அழிந்த இடத்தில் மெல்லியதாகப் புது உறை வளர்ந்திருந்தது! மனிதரிலும் ஓரளவு இப்படித் தானாகவே வளருவதுண்டு என்பது பின்னால் தெரிந்தது. வயதாக ஆக அந்தச் சக்தி குறைந்துவிடுகிறது. உறை போட வேண்டிய இளம் உயிரணுக்கள் பக்கத்திலேயே இருந்தும், முதிர்ந்து வேலைக்கு வராமல் நின்றுவிடுகின்றன. அவற்றைத் தட்டியெழுப்புவது எப்படி என்பதே இப்போதைய கேள்வி.

கேள்விக்கு விடை தேடிய விதத்தைப் பாருங்கள். ஸான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், முன்னமே கடைகளில் விற்கிற பழைய மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து இளம் உயிரணுக்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற கிளெமாஸ்டின் என்ற மலிவு மருந்து உறை சுற்றத் தூண்டுகிறது என்று 2014இல் சொன்னார்கள். உடனே "கண்டோம் சஞ்சீவியை" என்று கூத்தாடவில்லை. 50 நோயாளிகளை வைத்துக்கொண்டு, சில காலம் மருந்தும், சில காலம் மருந்தைப் போன்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எப்போது எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் மறைத்து, கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் நேரத்தை அளந்தார்கள். 2017இல் வெளியிட்ட முடிவு என்ன? ஒரு விநாடியை ஆயிரம் பங்கு செய்தால் அதில் 2 பங்குக்கும் குறைவான நேரம் மிச்சப்பட்டது. அவ்வளவுதான். அதோடு, மருந்து தின்றவர்களுக்கு அசதி அதிகமானதையும் சேர்த்தே எழுதினார்கள்.

இது அற்பம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நமக்கு இது அற்பமாகப் படவில்லை. பல வருஷங்களாய் வியாதியிலிருந்த நரம்பிலும் செய்தியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட முடியும் என்று மனிதரிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் வேறு விதமான, முற்றிக்கொண்டே போகும் வியாதிக்காரர்களுக்கு இதே கிளெமாஸ்டினைக் கொடுத்தபோது, சிலருக்கு ஊனம் வேகமாய் ஏறியதால் அந்தப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் பெக்ஸாரோட்டின் என்ற மருந்தைப் பரீட்சித்து, உறை வளர்வதற்கு அறிகுறி தெரிந்தாலும் தைராய்டு சுரப்பியைக் கெடுப்பதால் உதவாது என்று 2021இல் சொல்லிவிட்டார்கள். ஓப்பிசினுமாப் என்பது தோற்றது. பயோட்டின் என்னும் வைட்டமினைப் பெருத்த அளவில் கொடுத்ததும் 2020இல் தோற்றது. சர்க்கரை வியாதிக்காரர்கள் தின்னும் மெட்பார்மின் கிழட்டு எலிகளின் உயிரணுக்களை இளமையாக்கி உறை போட வைத்தது என்று 2019இல் கண்டு, அதையும் கிளெமாஸ்டினையும் சேர்த்து 70 பேருக்குக் கேம்பிரிட்ஜில் பரீட்சித்தார்கள். 2025இல் வந்த முடிவின்படி செய்தியின் வேகத்தில் சிறு லாபம் தெரிகிறது. நோயாளியின் நடையிலோ பார்வையிலோ அவருக்கே தெரியக்கூடிய குணம் இன்னும் தெரியவில்லை.

"பார்த்தீர்களா, 170 வருஷமாய் ஆராய்ந்தும் உங்கள் விஞ்ஞானம் கிழித்தது இவ்வளவுதானா?" என்று வைதீக நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். நாம் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் ஸ்தலங்களில் எந்த ஸ்தலமாவது, "நூறு பேர் வந்து மொட்டை அடித்தார்கள், இத்தனை பேருக்குக் குணமாயிற்று, இத்தனை பேருக்கு ஆகவில்லை, மொட்டை அடிக்காத நூறு பேரில் இத்தனை பேருக்குத் தானாகவே குணமாயிற்று" என்று எப்போதாவது கணக்கு வெளியிட்டதுண்டா? பலிக்காத நேர்த்திக்கடனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுண்டா? குணமானால் சாமி மகிமை, ஆகாவிட்டால் பக்தனின் பாவம் என்று இரண்டு பக்கமும் ஜெயிக்கிற சூதாட்டத்தில் தோல்விக் கணக்கு எங்கிருந்து வரும்?

இவ்விஷயத்தில் இத்தாலி தேசத்து ஸம்போனி என்ற டாக்டரின் கதை நாம் எல்லோரும் அறிய வேண்டியதாகும். அவர் மனைவிக்கே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கழுத்து இரத்தக் குழாய் சுருங்கி, மூளையிலிருந்து இரத்தம் வடியாததே காரணமென்று 2009இல் அவர் சொல்லி, குழாயை ஊதி அகலப்படுத்தும் சிகிச்சையைச் செய்தார். "விடுதலை சிகிச்சை" என்று பெயர் பரவிற்று. கானடாவிலிருந்து நோயாளிகள் ஆயிரக்கணக்கில், வீட்டை அடகு வைத்தும் வசூல் செய்தும், போலந்துக்கும், கோஸ்டாரிகாவுக்கும், நம் இந்தியாவுக்குமே வந்து பணத்தைக் கொட்டினார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். சந்தேகித்த டாக்டர்களை, மருந்துக் கம்பெனியின் கூலிகள் என்று திட்டினார்கள். பிறகு கானடாவில் ஒழுங்கான பரீட்சை நடந்தது. ஸம்போனியும் தாமே முன்னின்று ஒரு பரீட்சை நடத்தினார். 2017இல் அவருடைய பரீட்சையின் முடிவு வெளியாயிற்று: இந்தச் சிகிச்சையால் பலனில்லை, இதைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று தம் பெயரைப் போட்டே எழுதினார். தாம் கட்டிய கோயிலைத் தாமே இடித்துக் காட்டிய ஒரு குருவை மத சரித்திரத்தில் யாராவது எடுத்துக் காட்டினால் அவருக்கு நாம் வந்தனம் செலுத்தத் தயாராயிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரிடையாக, அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தில் ஜெனிசிஸ் என்ற பெயரில் ஒரு "சபை" நடந்தது. துணி வெளுக்கவும் ஆலைகளில் நீர் சுத்தம் செய்யவும் உதவுகிற குளோரின் டை ஆக்ஸைடு என்னும் திராவகத்தை, அற்புதத் தீர்த்தம் என்று புட்டியில் அடைத்து, ஆட்டிசத்துக்கும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கும், எயிட்ஸுக்கும், மூளைப் புற்றுக்கும், கடைசியில் கொரோனாவுக்கும் மருந்தென்று விற்றார்கள். விலை என்று சொல்லுவதில்லை, காணிக்கை என்றார்கள். மருந்து என்பதில்லை, திருவருட்சாதனம் என்றார்கள். சர்க்காரின் மருந்துச் சட்டத்துக்குத் தப்பவே இது சபையென்று பெயர் வைத்துக்கொண்டது என்பது கோர்ட்டில் வெளியாயிற்று. பத்து லட்சம் டாலருக்கு மேல் வசூல். தகப்பனும் மூன்று பிள்ளைகளும் 2023இல் தண்டிக்கப்பட்டார்கள். பிள்ளைகளில் இருவருக்கு 12 வருஷத்துக்கு மேல் சிறை. பேச்சு வராத குழந்தைகளின் வாயில் வெளுப்புத் திராவகத்தை ஊற்றச் சொன்னவர்களுக்கு இது போதுமா என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தையைக் கண்டால் "தாய் அன்பில்லாதவள், அதனால்தான் குழந்தை இப்படி ஒடுங்கிப் போயிற்று" என்று படித்த மேதாவிகளே பல வருஷம் பேசினார்கள். சிக்காகோவில் பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் புத்தகமே எழுதினார். மதக்காரன் தாயின் பூர்வஜன்மத்தைக் குற்றம் சொன்னான். இந்த மேதாவி அவளுடைய இந்த ஜன்மத்தையே குற்றம் சொன்னார். எந்த ஜன்மமானாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவள் பெண்பிள்ளைதான்!

இப்போது தெரிவதென்ன? பிட்-ஹாப்கின்ஸ் என்றொரு குறைபாடு இருக்கிறது. அதுள்ள குழந்தைகள் நடக்கவும் பேசவும் மிகவும் சிரமப்படுகிறார்கள். பலருக்குப் பேச்சே வருவதில்லை. இது 18ஆவது குரோமோசோமில் டி.சி.எப். 4 என்ற ஒரு ஜீன் பழுதுபடுவதால் வருவது என்று 2007இல் கண்டார்கள். பெரும்பாலும் இது தாயிடமிருந்தும் வருவதில்லை, தகப்பனிடமிருந்தும் வருவதில்லை. கரு உண்டாகும் தறுவாயில் புதிதாக நேர்ந்துவிடும் எழுத்துப் பிழை. பால்டிமோர் நகரத்து லீபர் ஆராய்ச்சி நிலையத்தில் இதே பழுதை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தபோது, உறை போடும் உயிரணுக்கள் முதிராமலும், மைலின் குறைந்தும் இருப்பதை 2020இல் கண்டார்கள். பிறகு அந்த எலிகளுக்குக் கிளெமாஸ்டின் முதலிய உறை வளர்க்கும் மருந்துகளைக் கொடுத்ததில் எலிகளின் நரம்புச் செய்தியும் நடத்தையும் சீர்பட்டன. எலி வேறு, குழந்தை வேறு. ஆட்டிசமெல்லாம் மைலின் குறைவு என்று சொல்லவும் ஆதாரமில்லை. தவிரவும், ஆட்டிசம் உள்ளவர்களில் பலர், தாங்கள் வேறு விதமான மனிதர்களே ஒழிய நோயாளிகள் அல்ல என்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாயின் தலையில் ஏற்றி வைத்த பழியை இறக்குவதற்கு இந்த எலிகளே போதிய சாட்சியாகும்.

கடைசியாக, ஏமாற்றுக்காரர்கள் காவி கட்டித்தான் வருவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டும் வருகிறார்கள். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் உறை வளரும், குழந்தை பேசும்" என்று நம் நாட்டிலேயே லட்சக்கணக்கில் பணம் பறிக்கப்படுகிறது. நிலத்தை விற்றும், தாலியை விற்றும் கொடுக்கிறார்கள். இவர்கள் மேலே சொன்ன உண்மையான ஆராய்ச்சியின் வார்த்தைகளையே திருடி, மந்திரத்துக்குப் பதில் உச்சரிக்கிறவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட விதிகளில், இரத்த சம்பந்தமான சில வியாதிகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது முதலியவை தவிர, மற்றெதற்கும் ஸ்டெம் செல் என்பது நிலைநாட்டப்பட்ட வைத்தியமல்ல. அனுமதி பெற்ற பரீட்சையாக மாத்திரமே செய்யலாம் என்று கண்டிருக்கிறது. ஆட்டிசத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாதென்று தேசிய மருத்துவக் கமிஷனின் குழுவும் 2022இல் சொல்லிவிட்டது.

ஆகவே, யாராவது உங்கள் வீட்டுக் குழந்தைக்கோ பெரியவருக்கோ உறை வளர்க்கும் ஊசி போடுவதாகச் சொன்னால், அவரிடம் இதைக் கேளுங்கள்: இது பரீட்சையா, வைத்தியமா? வைத்தியம் என்றால், வெறும் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு எங்கே? பரீட்சை என்றால், இந்தியாவில் 2009 முதல் அதைச் சர்க்கார் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டுமே, அந்தப் பதிவு நம்பர் என்ன? பரீட்சைக்கு உடம்பைக் கொடுக்கிறவனிடமே பணமும் வாங்குவது எந்த விதியில் இருக்கிறது? நேராகப் பதில் சொல்லாமல், "நம்பிக்கை வையுங்கள்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தைக் குழந்தையின் பேச்சுப் பயிற்சிக்கும், நடைப் பயிற்சிக்கும் செலவிடலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களானால், காவற்படையின் தாக்குதலை அடக்கும் மருந்துகள் பல இப்போது இருக்கின்றன. அவை போன உறையைத் திருப்பித் தருவதில்லை. இருக்கிற உறை போவதைக் குறைக்கின்றன. வியாதி கண்டதும் தாமதியாமல் அவற்றைத் தொடங்குவதுதான் நல்லதென்று நரம்பு டாக்டர்கள் சொல்லுகிறார்கள். வேப்பிலை அடிப்பதிலும் ஊர் ஊராய்ப் பரிகாரம் செய்வதிலும் கழிகிற மாதங்களில் உறை அரிந்துகொண்டேதான் இருக்கும்.